பீரோவுக்குப் பின்னால் மாட்டிய மோடம்

ஆமத்தூரில் அந்த டீச்சர் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவன் நான்தான். கேபிள் அலுவலகத்தில் ஒயர் இழுப்பது, மோடம் மாட்டுவது, படம் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்ப்பது என் வேலை. டீச்சர் ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்தபின் சக்கர நாற்காலியே கதி. ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்கு அங்கேயே சர்ச்சில் கல்யாணம். இவரால் விமானம் ஏற முடியாது. இவரை விட்டுவிட்டு டீச்சரும் போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து டிவியில் நேரலையாகப் பார்க்கத்தான் இணைப்பே வாங்கினார்கள்.

நான் கொண்டுபோன ஒயர் பின்னறை வரைதான் எட்டியது. ஹாலுக்கு நீட்ட வேண்டுமென்றால் இன்னொரு சுருளை எடுத்துவந்து இணைக்க வேண்டும். அரைமணி நேர வேலை. அன்று நல்ல வெயில். மோடத்தைப் பின்னறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, டிவியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஓடியது. இரும்பும் சுவரும் சேர்ந்தால் வைஃபை இழுக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

கல்யாணத்தன்று சாயங்காலம் சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியில் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் கூப்பிட்டார்.

"தம்பி, படம் நின்னு நின்னு வருது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எங்கன இருக்கீக?"

"மோடத்துல சிவப்பு லைட் எரியுதா டீச்சர்?"

"பீரோவுக்குப் பின்னாடில்ல இருக்கு, எட்டித்தான் பாக்கணும்... இல்ல, அம்புட்டும் பச்சைதான்."

பீரோ என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னேன். தேறவில்லை. 'ஐயாவைப் பின்னறைக்குத் தள்ளிட்டுப் போங்க, மோடம் பக்கத்துல வச்சுப் போன்ல பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், ஏன் அதை அங்கே மாட்டினாய் என்று கேட்பாரே.

"அங்கிட்டு இருந்து அனுப்புறவுக லைன்லதான் கோளாறு டீச்சர். நம்ம பக்கம் சரியா இருக்கு" என்றேன்.

"அப்படியா? சரி தம்பி, நாம என்ன செய்ய முடியும்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சுருளோடு போனேன். யாரும் கூப்பிடவில்லை, மனசு கேட்கவில்லை. ஒயரை நீட்டி மோடத்தை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டினேன். முழு வேலைக்கும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பதிவாகியிருந்த கல்யாணத்தை டீச்சர் போட்டார். எங்கும் நிற்காமல் ஓடியது. ஐயா திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தாழ்ந்த குரலில் சொன்னார். "உறுதிமொழிக்கு முன்னால மக கேமராவுக்கு நேரா முழங்கால் போடுவா, அதே நேரம் இவுக இங்கன இருந்து கையத் தூக்கி ஆசீர்வதிக்கணும்னு ஏற்பாடு. சர்ச்சுக்குள்ள நடக்கிறதால போன்ல பேச முடியாது. அவ முழங்கால் போடப்போகையில படம் நின்னுபோச்சு. இவுக இடது கையத் தூக்கினவுக இறக்கவே இல்ல. படம் திரும்ப வந்தப்ப எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தாக."

நான் கீழே கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"கோளாறு அங்கிட்டுத்தான்னு நீங்க சொன்னீகள்ல, அதையே மககிட்ட சொன்னேன். மாப்பிள்ளைக்குச் சங்கடமாப்போச்சு. அவரோட கூட்டாளிதான் படம் புடிச்சு அனுப்பினவராம். அந்தப் பிள்ளைய ரொம்ப ஏசிட்டாராம்."

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டேன்.

"காப்பி போடட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேணாம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் இரண்டு வீட்டுக்காரர்கள் அந்தத் தெருவிலிருந்து இணைப்புக் கேட்டு வந்தார்கள். கூப்பிடாமலே வந்து சரிபண்ணிக் கொடுத்த பையன் என்று டீச்சர்தான் சொல்லி அனுப்பினாராம். இரண்டு வீட்டுக்கும் ஹால் வரைக்கும் ஒயர் இழுத்தேன். டீச்சர் வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் வண்டியை மெதுவாக்காமல் போய்விட்டேன்.