வெள்ளைக்காரன் பாட்டுக்கு எழுதாத பதில்

பொய் சொல்லாதீர்கள் என்று உங்களிடம் ஓயாமல் சொல்கிறேன், பிள்ளைகளா. நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி மட்டும் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

போடியில் பத்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் இங்கிலீஷ் சார் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டைப் போர்டில் எழுதினார். மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் எழுதியதாம். கழுதைக்கு முதுகு வலிக்கும், சுமை தூக்கும் கூலிக்கு வலிக்காது என்று அதில் வந்தது. வகுப்பில் பாதிப் பேரின் தாத்தாக்கள் குரங்கணி மலைப்பாதையில் மூட்டை சுமந்தவர்கள்தான். இருந்தும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை.

"அவன் சொல்லிட்டுப் போயிட்டான். நீங்க என்ன சொல்றீங்க? ஆளுக்கு நாலு வரி பதில் எழுதிட்டு வாங்க. தமிழ்லகூட எழுதலாம்."

எனக்கு ஒரு வரியும் வரவில்லை. மறுநாள் காலை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

"நடிக்காத. வெரசாக் கெளம்பு" என்றார் அப்பா.

வேறு வழி தெரியாமல் நோட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த பாட்டின் அர்த்தத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"இதப் படிச்சுக் குடுத்துட்டு வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அப்பா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார்.

"எங்கய்யா மூட்ட சொமந்த முதுகுத் தழும்போடயே செத்தாரு சார். அவரு கழுதையவிடக் கேவலம்னு எம்மகனுக்குப் படிச்சுக் குடுக்குறதா?"

சாரைக் கூப்பிட்டார்கள். சார் என் பக்கம் திரும்பினார். "நான் என்ன எழுதிட்டு வரச் சொன்னேன்னு அப்பாகிட்ட நீயே சொல்லு தம்பி."

"எதுவும் எழுதச் சொல்லல" என்றேன். இரண்டாம் முறை பொய் லேசாக வந்தது.

மற்ற பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். சார் யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. என்னிடமிருந்து அப்பாவிடம் திரும்பி, "என் தப்புத்தாண்ணே. மன்னிச்சுக்கங்க" என்றார். சார் அப்பாவுக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

மறுநாளிலிருந்து சார் கையில் கைடுதான். கேள்வி பதிலை வாசிப்பார், "இத மனப்பாடம் பண்ணுங்க, போதும்" என்பார். பதில் எழுதி வந்திருந்த பிள்ளைகளிடமும் நோட்டைக் கேட்கவில்லை. வகுப்பு சுலபமாகிவிட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. என் தாத்தாவைப் பற்றி அந்த வெள்ளைக்காரன் சொன்னதே எங்கள் வகுப்பில் யாரும் பதில் சொல்லாத கடைசிப் பேச்சாக நின்றுபோனது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.