நித்தியானந்தன் அண்ணையின் சிறுத்தை

நித்தியானந்தன் அண்ணை தும்மினால் இலங்கையின் மலைகளெல்லாம் எழுந்து நின்று, "அண்ணைக்குத் தடிமனோ?" என்று கேட்கும். காட்டு மரைமான்கள் அவரிடம் வழி விசாரித்துத்தான் தண்ணீர் குடிக்கப் போகும். டென்மார்க்கின் சில்க்போர்க் ஊர்த் தமிழர்களுக்குள், பக்கத்து வீட்டு விக்ரோரியா இப்படித்தான் கதை பரப்பி வைத்திருந்தாள்.

உண்மை கொஞ்சம் சின்னது. அண்ணை நில அளவைத் திணைக்களத்தில் அளவுச் சங்கிலி பிடித்தவர். ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரமடித்து மலை மலையாக அளந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரம் அவரை டென்மார்க்கில் கொண்டுவந்து போட்டது. சுத்த சைவக்காரர், இப்போது இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடைகளைக் கொளுக்கியில் மாட்டுகிறார். அந்தத் தொழிற்சாலையை விட்டுத் தப்ப ஒரே வழி, ஏரிக்கரைக் காட்டில் மரம் நடும் வேலை. காட்டதிகாரி யோர்ன் அண்ணையோடு நடந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அண்ணை டேனிஷ் கதைக்கமாட்டார். மொழிபெயர்க்க விக்ரோரியா போனாள்.

காட்டு வாசலிலேயே வினை வந்தது. அண்ணை ஒரு பச்சைக் குழையை முறித்து, வெட்டிய மரமொன்றின் அடிக்கட்டை மேல் வைத்துக் கும்பிட்டார்.

யோர்னின் முகம் இறுகியது. "மரம் நட வந்தவன் மரத்தை முறிப்பதா? ஏன் என்று கேள்."

"போச்சு அண்ணை! ஏன் முறிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

"உள்ளுக்கு வரட்டோ எண்டு காட்டைக் கேட்டனான், பிள்ளை. வன்னியிலை எல்லாரும் செய்யிறது. நான் ஒரேயொருக்கால் கேளாமல் போனன்."

அவர் சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்தாள். ஹோர்ட்டன் சமவெளியில் விடிகாலை. கைநீட்டினால் விரல் தெரியாத பனிப்புகார். எங்கோ மரம் அரியும் சத்தம், நிறுத்தி நிறுத்தி. கள்ள மரம் வெட்டுகிறார்கள் என்று நினைத்து, ஏசுவதற்கு வாயைத் திறந்தபடி அண்ணை ஓடினார். புகார் விலகியது. வாளுமில்லை, ஆளுமில்லை. பனி நனைந்த புல்லுக்குள் சிறுத்தை நின்று அரிந்துகொண்டிருந்தது. அந்த வாள் சத்தம் அதன் தொண்டையிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் மலை முடிந்து, கிடுபாதாளம், வெறும் வானம்.

இவ்வளவு நாளாய் விக்ரோரியா கட்டிவிட்ட ஒரு கதையிலும் இந்தக் குளிர் இல்லை. ஆனால் யோர்னின் முகம் அசையவில்லை. வேலை போகப்போகிறது என்ற பயத்தில் அவள் தன் கைச்சரக்கையும் சேர்த்துவிட்டாள்: "அது பாய்ந்தது. இவர் அதன் கழுத்தை நெரித்தார். செத்துப்போயிற்று."

யோர்ன் ஓரடி பின்வாங்கினார். "கொன்றானா?"

அவர் முகம் இன்னும் கறுத்தது. விக்ரோரியா திருதிருவென்று முழித்தாள்.

"நை," என்று மறுத்தார் அண்ணை. பிறகு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, டேனிஷில்: "சாகவில்லை. நான் நின்றேன். அது பார்த்தது. அது போனது. நான்... அழுதேன்."

யோர்ன் குனிந்து, நிலத்தில் விழுந்து கிடந்த ஒரு கிளையை எடுத்து அண்ணையிடம் நீட்டினார்.

"இனிமேல் விழுந்ததை வை. திங்கட்கிழமை வா."

அண்ணை அதை வாங்கிக் கட்டையில் வைத்துவிட்டு விக்ரோரியா பக்கம் திரும்பினார்.

"எனக்கு டேனிஷ் கதைக்கத்தான் வராது. எல்லாம் விளங்கும். ஏன் பிள்ளை என்ரை சிறுத்தையைச் சாக்காட்டினனீ?"