ஆயிரம் வோல்ட் உறை

என் வீட்டுக்காரர் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். எந்த ஊரில் செய்தது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாண வீட்டில் பரிசாக வைத்திருந்த குக்கரைக் கவிழ்த்துப் பார்த்து என் மானத்தை வாங்கியிருக்கிறார். எலக்ட்ரீஷியன் வேலை அவருக்கு. வடக்கனந்தலிலும் சுற்று ஊர்களிலும் வீட்டு வயரிங், கிணற்று மோட்டார் எல்லாம் பார்ப்பார். வெள்ளிமலைப் பக்கம் வேலை வந்தால் ஜீப் ஏறிப் போய்விடுவார்.

ஊர்களுக்கு அவர் மனதில் ஒரு வரிசை உண்டு. உச்சியில் ஜெர்மனி, அடுத்து ஜப்பான். நம் நாட்டில் ஜலந்தர், லூதியானா. டெல்லி என்றால் உதட்டைப் பிதுக்குவார். சைனா என்பது அவர் வாயில் ஊர்ப்பெயரே இல்லை, வசவு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத கொத்தனாரைக்கூட, "அவன் சைனா சரக்கு" என்பார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். எங்கள் தொழிலில் கத்திரி என்றால் மீரட் கத்திரிதான். என்னிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் அந்த ஊர்ப்பெயர் இருக்கிறது. ஒன்று வழுக்கும் சில்க் துணியைக்கூட நுனிவரை ஒரே ஓட்டமாக வெட்டும். இன்னொன்று வாங்கிய சில நாளிலேயே துணியை மெல்ல ஆரம்பித்துவிட்டது. சாணை பிடித்தும் பயனில்லை. இரும்பு மட்டமா, காய்ச்சியவர் அவசரத்தில் இருந்தாரா, யாருக்குத் தெரியும்? அதை இப்போது பால் பாக்கெட் வெட்ட வைத்திருக்கிறேன்.

"ஒரே ஊருதானே, ஒன்னு வெட்டுது, ஒன்னு மெல்லுதே?" என்று அவரிடம் கேட்டேன்.

"மெல்றது டூப்ளிகேட்டு. மீரட்டுன்னு பேரப் போட்டு வேற எங்கியோ அடிச்சிருப்பான்."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"பாக்காமலே தெரியும்."

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடும். சண்டை என்று சொல்ல முடியாது. பொழுது போக வேண்டுமே.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் அவரைக் கேலி செய்ததே இல்லை. மெயினை அணைக்காமல் அவர் எந்தக் கம்பியிலும் கை வைக்க மாட்டார். வீட்டில் ஒரு சுவிட்ச் மாற்றுவதென்றாலும் மொத்த வீட்டையும் இருட்டாக்கிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். யூனிஃபார்ம் பாதியில் நிற்கிறதே என்று நான் கத்தினாலும் கேட்க மாட்டார். அவரோடு தொழில் பழகிய நண்பர் ஒருவர் மெயினை அணைக்காமல் கை வைத்துப் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவிக்கு இன்றைக்கும் நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். அளவு எடுக்கும்போது அந்த அம்மாவின் முதுகெலும்பு என் விரலில் தட்டும். என் வீட்டுக்காரரின் அந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் நான் நிம்மதியாக மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பழைய கட்டிங் பிளேயர் ஜலந்தரில் செய்தது. வெள்ளிமலையில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கும்போது கைநழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. துக்கம் விசாரிக்க ஆட்கள் வராததுதான் குறை, அப்படி உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயம் பார்த்து வெளிநாட்டிலிருந்து என் அண்ணன் விடுமுறையில் வந்தார். அங்கே ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. சாக்லேட்டோடும் போர்வையோடும், மாப்பிள்ளைக்கு என்று ஒரு கட்டிங் பிளேயரும் கொண்டுவந்திருந்தார். பிடி சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. அதில் ஆயிரம் வோல்ட் என்று எழுத்துகள் புடைத்திருந்தன. இரும்பில் ஜெர்மனி என்று வெட்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லை.

"மச்சான், ஜெர்மனியா?" என்றார்.

"பாத்துத்தான் வாங்கினேன் மாப்ள. அதான் எழுதியே இருக்குதே" என்றார் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களுக்கெல்லாம் பிளேயரைக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் பைபிளோடு பிளேயரும் கோயிலுக்குப் போனது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. கொண்டுவந்தது என் அண்ணன் அல்லவா.

சில மாதம் போயிருக்கும். ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசி உடைந்து, முனை மெஷினில் மாட்டிக்கொண்டது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் பையிலிருந்து பிளேயரை எடுத்து ஊசியைப் பிடித்து இழுத்தேன். ஊசி வரவில்லை, பிடிதான் என் கையில் திரும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சிவப்பு உறை வெண்டைக்காய்த் தோல்போல வழுக்கிக்கொண்டு கழன்று வந்துவிட்டது. உள்ளே வெறும் இரும்பு, அதுவும் சொரசொரவென்று. கம்பி வெட்டும் வாயைப் பார்த்தேன். விளிம்பில் இரண்டு பொத்தல்கள் இருந்தன. எலி கடித்தது மாதிரி அரைவட்டமாக, ஓரமெல்லாம் கறுத்து, இரும்பு உருகி முத்து முத்தாக உறைந்திருந்தது. கம்பி வெட்டினால் முனை மழுங்கும், அது எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி இருந்தது.

அவரிடம் காட்டவில்லை. அண்ணன் கொண்டுவந்த பொருளில் குறை இருப்பது அவருக்குத் தெரிவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற வீம்பு. மறுநாள் ஜிப்பும் லைனிங் துணியும் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டியிருந்தது. பிளேயரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டூல்ஸ் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் உறை கழன்றுவிட்டது, ஒட்ட முடியுமா என்று கேட்டேன்.

"ஒட்டுவானேன்க்கா? புதுசா மாட்டிக்கலாம்" என்று ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் உறைகளாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரம் வோல்ட் என்று புடைத்திருந்தது. "எந்தப் பிளேயருக்கு வேணும்னாலும் மாட்டலாம். கொஞ்சம் வெந்நீர்ல போட்டா ஏறிக்கும்."

என் பிளேயரைக் காட்டினேன். "இது ஜெர்மனி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அச்சு வெட்றவனுக்கு இன்னாக்கா, எந்தப் பேர வெட்டினாலும் அதே வேலைதான்" என்று சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு பிளேயர்களை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது பஞ்சாபு, இது சைனா. ரெண்டுமே நல்லது. பிடியப் பாருங்க, இரும்பு மேலயே வார்த்து வுட்டது, கழலாது. இந்த மாதிரி ஒன்னொன்னையும் தண்ணில முக்கி, கரண்ட் வுட்டுப் பாத்துட்டுத்தான் டப்பால போடணும். பாத்து அனுப்பறவன் எங்க இருந்தாலும் சரக்கு நல்லா இருக்கும்."

"அப்ப ஊருக்கு மதிப்பே இல்லீங்களா?"

"இருக்குதுக்கா, ஏன் இல்லாம? பஞ்சாபுல தெருவுக்குத் தெரு பட்டறை. நல்ல இரும்பும் கெடைக்கும், பதம் பாக்கத் தெரிஞ்ச ஆளும் கெடைக்கும். ஜெர்மனிக்காரன் சோதிச்சுப் பாத்து மட்டமானதக் கழிச்சிடுவான். ஆனா இது அங்க செஞ்சதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? இந்தப் பிளேயருதானே சொல்லிச்சு?"

பேசிக்கொண்டே என் பிளேயரின் வாயைத் திறந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"வூட்டுக்காரரு லைன் வேலைங்களா?"

"வயரிங்கு. ஏங்க?"

"கரண்ட் இருக்கும்போதே ரெண்டு கம்பியயும் சேத்து வெட்டியிருக்காரு. தீப்பொறி அடிச்சு இரும்பு உருகியிருக்குது. ரெண்டு தடவ." உறையை எடுத்து என் கையில் வைத்தார். "இத நம்பி வெட்டியிருக்காரு. கை கொஞ்சம் வழுக்கியிருந்தா, அவ்ளோதான்."

கடை வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என் கத்திரி கெட்டால் துணி சொல்லிவிடும். கெட்ட அன்றைக்கே சொல்லும், நானும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவேன். இந்த உறை கெட்டது என்பதை எது சொல்லும்? சொல்லும்போது கேட்க அவர் இருப்பாரா? அந்த அம்மாவின் முதுகெலும்புதான் என் விரலுக்கு நினைவு வந்தது.

அதே நேரத்தில் போன் அடித்தது. அவர்தான்.

"என் பிளேயர் எங்க? வெள்ளிமலைக்கு ஜீப் நிக்குது, தேடிக்கினு இருக்கேன்."

"எங்கிட்டதான் இருக்குது. நீங்க இன்னிக்கு மலைக்குப் போவ வேணாம்."

"இன்னா வெளயாட்டு இது? அந்த வூட்ல நாளைக்கு விசேஷம். நான் வேற யாருகிட்டயாவது வாங்கிக்கினு போறேன்."

"மெயின ஆஃப் பண்ணிட்டு..." என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அப்புறம் கூப்பிட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. அன்றைக்கு அது எனக்குப் புதிதாகத் தெரிந்த மாதிரி கோபம் வந்தது.

கடைக்காரர் காட்டியதில் சைனா பிளேயரை வாங்கிக்கொண்டேன். அதன் பிடியை இழுத்தேன், முறுக்கினேன், அது அசையவில்லை. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு யூனிஃபார்ம் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்திருந்தேன். எல்லாவற்றையும் பிரித்தேன். போன் அடித்தபோதெல்லாம் யாராவது புதுக்குரலில் பேசுவார்களோ என்று பயந்து பயந்து எடுத்தேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போடாமல், தட்டுக்குப் பக்கத்தில் பிளேயரையும் கழன்ற உறையையும் வைத்தேன். கடையில் கேட்டதைச் சொன்னேன்.

அவர் உறையை எடுத்தார், இரும்பில் மாட்டினார், கழற்றினார். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப இது ஜெர்மனி இல்லியா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "நான் ஜெர்மனியப் பத்தியா கேக்கறேன்? இந்தப் பொத்தலப் பத்திக் கேக்கறேன். ரெண்டு தடவ வெட்டியிருக்கீங்க. எங்க வெட்டினீங்க?"

அவர் பிளேயரைத் தரையில் வைத்தார். "மலையில அங்கங்க மெயினுக்கு முன்னாடியே வயர் கெட்டுப் போயிருக்கும்மா. மெயின அணைச்சாலும் அதுல கரண்ட் இருக்கும். கம்பத்துல ஃபியூஸ் எடுத்தா ஊருக்கே கரண்ட் போயிடும். அதுக்கு ஆளு வரணும், பொழுது போயிடும்" என்றார்.

"பழைய பிளேயர் இருந்தப்ப?"

"அத வச்சுக்கினு ஒரு நாளும் செஞ்சதில்ல." தலையைக் குனிந்துகொண்டார். "இது ஜெர்மனின்னு ஒரு தைரியம். ஆயிரம் வோல்ட்டுன்னு போட்டிருக்குதே, இன்னா ஆவப்போவுதுன்னு..."

நல்ல பொருள் என்று நம்பியதால்தான் தன் நல்ல பழக்கத்தை விட்டிருக்கிறார். மட்டமான பிளேயர் என்று தெரிந்திருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பார். இதை யாரிடம் சொல்லி அழுவது? அவரிடமேதான் அழுதேன். "எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு யாரு அளவு எடுப்பாங்க, யாரு என்னப் பாத்துப் பெருமூச்சு வுடுவாங்க, அதெல்லாம் எனக்குத் தெரியும். நானே அத ஒரு பொம்பளைக்குச் செஞ்சுக்கினு இருக்கறேனே" என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. அவர் கண்ணும் கலங்கியது.

புதுப் பிளேயரை எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போலக் கவிழ்க்கப் போனவர், பாதியில் கையை நிறுத்திவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் பிளேயரை வாங்கி, பொத்தல் விழுந்திருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் சோறு. அண்ணன் போன் செய்து பிளேயர் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது, நன்றாக உழைக்கிறது என்று சொல்லிவைக்கிறேன். ஆசையாக வாங்கி வந்தவரிடம் வேறு என்ன சொல்வது?

போன வாரம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மொத்தமாக வந்து குவிந்துவிட்டது. அவர் வெள்ளிமலையிலிருந்து வந்ததைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து, பேசாமல் தட்டை எடுத்து வைத்து, குழம்புச் சட்டியைத் திறந்தேன். அவர் உட்காரவில்லை. விளக்குக்கு நேராகப் பிளேயரைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல இதப் பாத்துடும்மா" என்றார்.

கரண்டியை வைத்துவிட்டு அருகில் போனேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். நுனிவரை வழவழவென்று இருந்தது.