மாமனார் போட்ட மெயின் சுவிட்ச்

ஓசூரிலிருந்து பாலக்கோடு போகும் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பையில் ஒரு பழைய ஹப் பெட்டி. பல கணினிகளின் வயர்களை ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி அது. துளைகளில் இரண்டு செத்துவிட்டன. மூடியில் வைத்த சந்தனம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. திருகாணிப் பள்ளத்துக்குள் குங்குமம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அலுவலகத்தில் இதைப் பார்ப்பவர்கள் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்லிக் கேலி செய்வார்கள். போட மாட்டேன். இது மேடம் கொடுத்தது.

காரிமங்கலத்தில் ஒரு மாடியில் கணினிப் பயிற்சி மையம் நடத்தியவர் மேடம். பிள்ளைகள் அழைத்த பெயரே ஊரார் வாயிலும் நிலைத்துவிட்டது. படிப்பை முடித்ததும் பாடம் நடத்தும் வேலைக்கு அங்கேதான் சேர்ந்தேன். மாடி அவருடைய மாமனாருக்குச் சொந்தம். மாமனார் தக்காளி போடும் விவசாயி, கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிப்பவர். எங்கள் பழைய கணினிகள் பாதி நாள் ஓடாது. பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். "இந்த விஜயதசமிக்குப் புள்ளைங்க வந்து சேரலைன்னா மாடியை உரக்கடைக்கு வுட்டுடுவேன், ஆமா" என்று மாமனார் சொல்லிவிட்டார். மேடம் உடனே போனை எடுத்தார். பெங்களூரில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பன்னிரண்டு கணினிகளுக்குச் சொல்லிவைத்தார்.

தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், காலிக் கூடைகளுக்கு நடுவே, ஆயுத பூஜை அன்று மதியம்தான் அவை வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் டிஸ்க்கில் இருந்ததை முழுக்க அழித்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை விஜயதசமி. பென் டிரைவைச் செருகி ஒவ்வொன்றாக லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினால் விடிந்தாலும் முடியாது. ஆகவே என் கணினியைச் சர்வராக்கினேன். இது பந்தி பரிமாறுவது மாதிரிதான். கணினிகள் கண் விழித்ததும் வயர் வழியே குரல் கொடுக்கும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுத்து உட்காரவைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் லினக்ஸை அனுப்பும். நடுவில் அவை கேட்கும் கேள்விகளுக்கு முன்பே பதில் எழுதிவைத்துவிட்டால் யாரும் எதையும் அழுத்த வேண்டாம் என்று மேடத்திடமும் சொன்னேன்.

சொல்ல எளிது. முதலில் வைத்துப் பார்த்த கணினிக்கு, அதே வயரில் இருந்த இன்டர்நெட் மோடம் என்னை முந்திக்கொண்டு முகவரி கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்ட கணினி அடுத்து யாரிடம் போவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தது. மோடத்தைப் பிடுங்கினேன். இப்போது லினக்ஸ் முழுதாக ஏறியது. ஏற்றி முடித்து ரீஸ்டார்ட் ஆன கணினி, மறுபடி வயரில் குரல் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தது. செக்குமாடு கெட்டது போங்கள்! ‘முடிந்ததும் அணைந்துவிடு’ என்று பதில்களில் ஒரு வரி சேர்த்துவிட்டுத் திரும்பினால், மேடம் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"பூஜைக்கு நேரமாச்சு கண்ணு. சாமி கும்பிட்டுட்டா நாளைக்குக் காலையில வரைக்கும் மிசினைத் தொடக்கூடாது."

எனக்கு வந்ததே கோபம். "சாமிக்கு வேற வேலை இல்லீங்களா மேடம்? நம்ம கீபோர்டையா பார்த்துக்கிட்டு இருக்கும்?"

"சாமி பார்க்காட்டியும் எங்க மாமனாரு பார்ப்பாரு" என்றார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரும் எதையும் அழுத்த வேண்டாம்னு சொன்னியே, பவர் பட்டனைக்கூடவா?" என்று கேட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி கணினியில் ஓர் அமைப்பு உண்டு. இருவரும் ஆளுக்கு ஒரு வரிசையாகப் போய் அதை மாற்றினோம். சர்வரும் இந்த ஹப்பும் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடியபடியே பொட்டு வாங்கிக்கொண்டன. மற்றவற்றுக்கு மெயினையே அணைத்துவிட்டுப் பூஜையைத் தொடங்கினோம். கற்பூரம் காட்டியதும் மேடம் ஒன்றும் அறியாதவர்போல, "மாமா, உங்க கையால மெயினைப் போட்டுவுடுங்க" என்றார்.  இவை எழாவிட்டால் மாடி உரக்கடைதான்.

மாமனார் போட்டார். ட்யூப் லைட் எரிந்தது. கணினிகள் சும்மா இருந்தன. பிறகு மூலையில் ஒன்று உறுமியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சற்று நேரத்தில் பன்னிரண்டு திரைகளிலும் வெள்ளை எழுத்துகள் ஓடின. மாமனார் கையிலிருந்த பொரியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு தொட்டது?"

"யாரும் தொடலீங்க மாமா. நீங்கதானே மெயினைப் போட்டீங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கன்று போடப்போகும் மாட்டுக்குக் காவல் இருப்பதுபோல், வேலை முடிந்து கடைசிக் கணினி அணையும்வரை எழவில்லை. ஹப்பில் ஒரு விளக்கு சிமிட்டாமல் நின்றால்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் காலை மாடிப்படியில் நின்றுகொண்டு, பிள்ளைகளோடு வந்தவர்களிடமெல்லாம், "தானா எந்திரிக்குமுங்க நம்ம மிசினு" என்றார். பெஞ்சு நிறைந்தது. மாடியைக் கேட்டுக்கொண்டிருந்த உரக்கடைக்காரரே மகளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ கணினிகளுக்கு இப்படி ஏற்றியிருக்கிறேன். யாரும் பொரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. பாம்பும் சாகக்கூடாது, அடித்த கோலும் நோகக்கூடாது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது மேடத்திடம்தான். நானாக இருந்தால் மாமனாரோடு சண்டை போட்டு, அதில் ஜெயித்து, மாடியைத் தோற்றிருப்பேன். மேடம் அவர் கையையே சுவிட்சில் வைத்தார். நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

இன்று ஆயுத பூஜை. மேடம் பாலக்கோட்டில் இரண்டாவது மையம் திறக்கிறார். காலையில் போன் செய்தார். "மாமாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியலை. மெயினை யாரு போடறதுன்னு கேட்டேன். அந்தப் புள்ளையை வரச்சொல்லுன்னுட்டாரு. அந்த ஹப்பையும் எடுத்துட்டு வா, பொட்டு வைக்கணும்." அதற்குள் மாமனார் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சாமி கும்பிட்டப்புறம் நீ ஒண்ணையும் தொட்டுக் கெடுத்துடாத கண்ணு. மெயினை மட்டும் போடு. மத்ததெல்லாம் அதுங்களே பார்த்துக்கும்."

சரிங்க என்றேன். பேருந்து பாலக்கோட்டுக்குள் திரும்புகிறது. பெட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.