பின்மிதி

மூன்றாவது முறையும் முருகையன் விழுந்தான். சைக்கிள் அவன்மேல் கிடந்தது. கடைக்குள்ளிருந்து வந்து மூஸா கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"தூக்க வேணாம் பாய். வண்டியைச் சரி பண்ணுங்க."

"வண்டியில கோளாறு இல்லப்பா."

"அப்ப எங்கிட்டதான் கோளாறு."

எதிர் டீக்கடைப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். முருகையன் தரையில் இருந்தபடியே, "எவன்டா அது?" என்றான். சிரிப்பு நின்றது.

குடவாசல் கடைத்தெருவில் மூஸாவுக்குச் சைக்கிள் கடை. இந்த வண்டி அவருடைய மச்சான் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. கைப்பிடியில் பிரேக் கிடையாது. பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்தது. பெடலை முன்னால் மிதித்தால் ஓடும், பின்னால் மிதித்தால் நிற்கும். இரண்டு கால் இருப்பவனுக்கு நல்ல வண்டி.

முருகையனுக்கு மிதிக்க இடது கால்தான். வலது முழங்கால் மடங்காது. ஒரே காலால் முழுச் சுற்று மிதித்தால் உடம்பு சாய்ந்துவிடுகிறது. அதனால் அரைச் சுற்று மிதிக்க வேண்டும், அதே வழியில் பெடலைப் பின்னுக்கு ஏற்ற வேண்டும், மறுபடி அரைச் சுற்று. பின்னுக்கு ஏற்றும்போதெல்லாம் பிரேக் பிடித்தது. விழுந்தான்.

முழங்கால் போனது மூன்று வருடத்துக்கு முன்பு. ஆட்சி மாறியாயிற்று, இனி கூலியும் மாறும் என்று மேடையில் சொன்னார்கள். அதை நம்பிக் கூலியாட்கள் மிராசுதாரிடம் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். அவர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடையில் இறக்கினார். வரப்பில் நின்று மறித்தவர்களில் முருகையன் முதல் ஆள். அடித்தவர்கள் மேல் வழக்கு இல்லை. அடிபட்டவன் மேல் இருந்தது. இரண்டு வருடம் திருவாரூர் கோர்ட்டுக்கு நொண்டி நொண்டி நடந்தான். குனிந்து நடவும் முடியாது, உட்கார்ந்து அறுக்கவும் முடியாது. மனைவி ராமாயியின் கூலியில் சாப்பிட்டான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவனுக்குக் கோபம் வந்தது.

இப்போது ஆற்று மதகுக்கு ஒரு லஸ்கர் தேவைப்பட்டது. கரையோடு போய் மதகுப் பலகைகளைத் திறக்கவும் அடைக்கவும் வேண்டும். ஆறு மைல் கரை. சைக்கிள் தெரியுமா என்று ஓவர்சியர் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டான். திங்கட்கிழமை வந்து ஓட்டிக் காட்டு என்றார். இன்று ஞாயிறு.

"அதான் கிரீஸ் அடைச்சேனேப்பா" என்றார் மூஸா.

"கிரீஸ் அடைச்சதுல மெதுவாப் பிடிக்குது. மெதுவா விழுறேன்."

"வேற ஹப் போடணும்னா கும்பகோணம் போவணும். இந்தச் சக்கரத்துக் கம்பிக் கணக்குக்கு அங்கயும் கிடைக்காது."

"உள்ள இருக்கிற பிரேக்கை எடுத்துடுங்க. முன்னாலயும் பின்னாலயும் சும்மா சுத்தட்டும்."

"எதை வச்சு நிறுத்துவே?"

"இந்தக் கால் சும்மாதானே கெடக்கு. தரையில ஊனுவேன்."

"ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ராமாயி என் கடை வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தும்."

"இப்ப மட்டும் கொஞ்சுறாளாக்கும்."

மூஸா சிரிக்கவில்லை. பிரேக் இல்லாத வண்டியைத் தன் கையால் தரமாட்டேன் என்று காலையிலிருந்து சொன்னதையே சொன்னார். முருகையன் ஸ்பேனரை எடுத்துத் தெருவில் வீசினான்.

அது இளையபெருமாளின் காலடியில் விழுந்தது. மிராசுதாரின் காரியஸ்தர். காற்றடிக்க வந்திருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபிறகு மிராசுதாரின் நிலத்தில் ஒரு பகுதி இவர் பெயரில் இருந்தது. இன்னொரு பகுதி மாடு மேய்ப்பவன் பெயரில் இருந்தது, அது அவனுக்குத் தெரியாது. அன்று வரப்பில் நின்று, "தலையில வேணாம், கால்ல போடு" என்று சொன்னவர் இவர்தான். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததாகப் பிறகு ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னடா முருகையா, வித்தை காட்டுறியா? லஸ்கர் ஆவப் போறியாமே. எங்க வயலுக்கு இனிமே நீதான் தண்ணி விடுவே."

"விடுவேன்."

முன்பெல்லாம் அவரிடம் 'விடுவேனுங்க' என்றுதான் சொல்லியிருப்பான். இளையபெருமாள் அதைக் கவனித்தார். காட்டிக்கொள்ளவில்லை. மூஸாவின் பக்கம் திரும்பினார்.

"பாய், அவன் கேக்குறான்னு பிரேக்கை எடுத்துக் குடுத்துடாதீங்க. பொண்டாட்டிக்காரன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

காற்றடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூஸா பம்ப்பைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"என்ன சொல்லிட்டுப் போறான் அவன்?"

"நீங்க சொன்னதைத்தான்" என்றான் முருகையன்.

மூஸாவின் முகம் கறுத்தது. தெருவில் கிடந்த ஸ்பேனரை அவரே போய் எடுத்துவந்தார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினார். அச்சைப் பிரித்தார். ஹப்புக்குள்ளிருந்து கிரீஸோடு பிறை வடிவத்தில் இரண்டு பித்தளைத் துண்டுகள் வந்தன. பின்னால் மிதித்தால் விரிந்து ஹப்பின் உட்சுவரைக் கவ்வுவது அவைதான். அவற்றைத் தகர டப்பாவில் போட்டு மூடினார். மற்றதையெல்லாம் மறுபடி பூட்டினார்.

பெடல் பின்னால் தாராளமாகச் சுற்றியது. முன்னால் மிதித்தாலும் தாராளமாகவே சுற்றியது. சக்கரம் நகரவில்லை. பித்தளை இருந்த இடம் காலியாகிவிட்டதால் மறை மேல் ஓடி ஹப்பைக் கவ்வி இழுக்கும் கூம்பு ஒரேயடியாக விலகி வெளியே போய்விட்டிருந்தது. மூஸா பினாங்கைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், மச்சானைத் திட்டினார். பழைய பம்ப்புக் குழாயில் இரண்டு விரல் நீளம் அறுத்து, அரத்தால் ராவி, அந்தக் காலி இடத்தில் வளையமாகச் செருகினார். அறுக்கும்போது யாரையோ அறுப்பதுபோல் அறுத்தார். இப்போது கூம்பு வளையத்தோடு நின்றது. முன்னால் மிதித்தால் பிடித்தது. பின்னால் சுற்றினால் சும்மா சுற்றியது.

முருகையன் விளக்குக் கம்பத்தைப் பிடித்து ஏறினான். அரைச் சுற்று, பின்னுக்கு, அரைச் சுற்று. கடைத்தெருவின் கடைசி வரை போனான். வலது கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது குதிகாலைத் தரையில் தேய்த்து, கடையைத் தாண்டிப் பத்தடி தள்ளி நின்றான். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"காலையிலேயே செஞ்சிருக்கலாம்" என்றான்.

"செஞ்சிருக்கலாம்" என்றார் மூஸா.

மறுநாள் எட்டு மணிக்கு முருகையன் மதகில் இருந்தான். வேலைக்கு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் இளையபெருமாளின் அக்கா மகன். ஓவர்சியர் பத்தரைக்கு வந்தார். மூவரையும் அடுத்த மதகு வரை ஓட்டச் சொன்னார். முருகையன் கடைசியாக வந்தான். ஓவர்சியர் அவன் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிரேக் எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்றான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நிரந்தர வேலை அக்கா மகனுக்குப் போயிற்று. முருகையனைத் தை மாதம் தண்ணீர் நிற்கும் வரை தினக்கூலியாக எழுதிக்கொண்டார். கீழ் மதகு. கைநாட்டு வைக்கச் சொன்னார். முருகையன் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டு மணிக்குக் கீழ் மதகில் முருகையன் ஒரு பலகை திறந்தான். சாயங்காலம் அடைத்தான்.