காற்றில் அசையாத படம்

என் மனைவி காணாமல் போவதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் காப்பி குடிப்பாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள். செருப்பு போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். பிடித்து நிறுத்திக் கேட்டால், கொல்லையில் கிளி ஓட்டப் போவதாகச் சொல்வாள். அந்தக் கொல்லை, சாமை விளைந்த மேட்டு நிலம், அவள் அப்பாவுடையது. அது கைமாறிப் போய் இப்போது யாரோ அங்கே தைலமரம் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவள் அந்தத் திசையில் போனதில்லை. ஜவ்வாது மலையிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். மலையின் எந்தப் பக்கமாக இறங்கினாலும் அது கொல்லைக்குப் போகும் வழிதான் அவளுக்கு.

முதல் தடவை ஆலங்காயம் பஸ்ஸின் நடத்துநர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த தடவை இருட்டும் நேரத்தில் அவளுடைய தம்பி ஓடைக்குள் கண்டுபிடித்தான். செய்தி வேலூரில் இருக்கும் மகளுக்குப் போயிற்று.

"அப்பா, இன்னொரு வாட்டி அம்மா தொலஞ்சாங்கன்னா நானே கார் எடுத்துனு வந்து கூட்டினு போய்டுவேன். நீங்க குறுக்க பேசக்கூடாது."

"உன் வூடு மூணாவது மாடி. அங்க அவளுக்கு இன்னா இருக்கு?"

"கதவு இருக்குது. பூட்டு இருக்குது."

நல்ல உத்தரவுகள் எல்லாமே இப்படிச் சுருக்கமாகத்தான் இருக்கும்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். இயற்பியலில் முதுகலை படித்திருந்தேன். பணியில் இருந்த காலம் முழுக்க அது என் பெயருக்குப் பின்னால் சும்மா நின்றது. காணாமல் போனவரைத் தேட என்னென்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்: புகார் மனு, புகைப்படம், அங்க அடையாளம், கடைசியாக உடுத்தியிருந்த உடையின் நிறம். இவையெல்லாம் சேர்ந்து ஒரு மேசைக்குப் போவதற்குள் காணாமல் போனவர் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அல்லது வரவே மாட்டார். எங்கள் வீட்டைச் சுற்றி உண்ணிச்செடிப் புதர், பாறை, மேடு, மடிப்பு. தரையில் நின்று பார்த்தால் பத்தடிக்கு அப்பால் நிற்பவரும் தெரியமாட்டார். மேலிருந்து பார்த்தால் தெரியும்.

முதலில் ஒரு ட்ரோனை விலைக்கு வாங்கினேன். உள்ளங்கை அளவு, பொம்மை மாதிரி. முதல் நாளே காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் வைத்தது. புளி உலுக்க வந்த மச்சான், அதாவது அவளுடைய தம்பி, அதை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இந்தாங்க உங்க விமானம். பைலட்டுக்கு அடி இல்ல."

"காத்து ஜாஸ்தி."

"மலையில காத்து ஜாஸ்தின்னு ரிட்டயர் ஆனப்புறம்தான் தெரிஞ்சிதா?"

ஆகவே நானே ஒன்று செய்தேன். உதிரிப் பாகங்கள் ஒவ்வொன்றாக ஒடுகத்தூர் கூரியர் கடை வரைக்கும் வரும். அதற்கு மேல் மலையேற அவர்களுக்கு விருப்பமில்லை. பஸ்ஸில் இறங்கிப் போய் வாங்கி வருவேன். நான் போகும் நாட்களில் மச்சான் அவளோடு உட்கார்ந்திருப்பான். அலுமினியச் சதுரக் குழாயை அறுத்துக் கூட்டல் குறி மாதிரி சட்டம் செய்தேன். நான்கு முனையில் நான்கு மோட்டார், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விசிறி. எடை கூடினால் காற்றுக்கு அசையாது. ஆனால் எடை கூடினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

நடுவில் இருக்கும் சின்னப் பலகைதான் அதன் மூளை. அதற்கு மூன்று எண்கள் கொடுக்க வேண்டும். முதல் எண், ட்ரோன் இந்த நிமிஷம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும். இரண்டாவது, இதுவரை சரிசெய்யாமல் விட்ட சாய்வையெல்லாம் நிலுவையாகச் சேர்த்துக்கொண்டே வரும். மூன்றாவது, சாய்வு கூடும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே பதறும். இந்த மூன்று பேரையும் நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். எவர் ஒருவருக்கு அதிகாரம் கூடினாலும் மொத்தமும் ஆட்டம் காணும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கையால் தள்ளித் தள்ளி, மூன்று பேருக்கும் சமாதானம் செய்துவைத்தேன். உயரத்தை அளக்கும் கருவி காற்றழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவது. பலமாகக் காற்றடித்தால் ஏமாந்துபோய்க் கீழே இறங்கும். அதன் மேல் ஒரு துண்டு பஞ்சு ஒட்டியதும் அந்தத் தடுமாற்றம் நின்றது.

விதிகளும் எனக்குத் தெரியும். இந்த எடைக்குப் பதிவு வேண்டும், காட்டு எல்லைக்குள் பறக்கத் தனியாக அனுமதி வேண்டும். இரண்டுக்கும் முறைப்படி விண்ணப்பித்தேன். பதில் எப்போது வரும் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால், அதற்குள் பறக்கவிட்டேன்.

சோதனையெல்லாம் வீட்டுக்குத் தள்ளி, மொட்டைப் பாறையில். ஆடிக் காற்று அங்கே ஆளையே தள்ளும். என் ட்ரோன் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு, அதே இடத்தில் நின்றது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்று வரவேற்றாள்.

"வாங்க சார். ரேஷன் கார்டு விஷயமா வந்தீங்களா? அவரு ஆபீஸ்லருந்து வர்ற நேரம்தான், ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் வருவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அடுத்த தடவை அவள் போனபோது, டம்ளர் ஈரம் காயவில்லை. ட்ரோனை ஏற்றினேன். கையில் இருந்த சின்னத் திரையில் எங்கள் ஓடு, மாட்டுக் கொட்டகை, புதர்கள் எல்லாம் கலங்கிய தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளிந்தன. ட்ரோன் நிற்கிறது, படம் நிற்கவில்லை. மோட்டாரின் அதிர்வு கேமராவுக்குப் போகிறது. இருந்தாலும் ஒரு மஞ்சள் புள்ளி, அவள் புடவை, நகர்வது தெரிந்தது. அதை நோக்கிச் செலுத்தினேன். நெருங்கியதும் புள்ளி நின்றது. சின்னதாகிக் குந்திக்கொண்டது. மச்சானும் நானும் போய்ச் சேரும்வரை அங்கேயே இருந்தது. எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

மகளுக்குச் சொன்னேன். "பரவால்லியேப்பா," என்றாள். குரலில் முதல்முறையாகப் பூட்டு இல்லை.

அதன்பின் அது நடைமுறையாகிவிட்டது. அவள் கிளம்புவாள், ட்ரோன் ஏறும், அவள் உட்காருவாள், நாங்கள் போய் அழைத்து வருவோம். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தாள். ஒருநாள் அவள் வாசல் படலைத் திறக்கும்போதே நான் மோட்டாரை முடுக்கினேன். சத்தம் கேட்டதும் திரும்பி உள்ளே போய்விட்டாள். பறக்கவிடக்கூடத் தேவையில்லை. பேட்டரி மிச்சம். நான்கைந்து நாள் அப்படியே செய்தேன்.

மச்சான்தான் கேட்டான்.

"மாமா, அக்கா ஏன் ஒக்கார்து?"

"களைப்பு."

"வூட்டாண்டயே எப்டி களைப்பு வரும்?"

"பழகிடுச்சு. நாம வருவோம்னு தெரியுது."

"ஒங்களயே தெரில அதுக்கு. மிஷினத் தெரியுமா?"

நான் கேமராவைக் கழற்றினேன். எனக்கு அந்த நெளியும் படம்தான் அப்போது குறை. விசிறிகளைச் சமன் பார்த்து, கனம் குறைந்த இறக்கையில் ஒட்டுநாடா ஒட்டினேன். அவளுக்குப் போடும் ஊசிமருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கேமராவைச் சட்டத்தில் நேராக முடுக்காமல் அந்த ரப்பர்களின் மேல் உட்கார வைத்தேன். மோட்டாரின் நடுக்கம் சட்டத்தோடு நின்றுவிட்டது. மொட்டைப் பாறையில் நல்ல காற்றில் ஏற்றிப் பார்த்தேன். படம் சுவரில் மாட்டியதுபோல இருந்தது. புல் ஆடியது, பாறை ஆடவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் குளித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. மச்சானையும் கூப்பிட்டு, ட்ரோனை ஏற்றி, தேடி, ஓடைக்கு மேற்கே சரிவில் கண்டுபிடித்தேன். ட்ரோனைப் பார்த்ததும் உட்கார்ந்தாள். படம் இவ்வளவு நன்றாக வருகிறதே என்று இன்னும் கீழே இறக்கினேன். மஞ்சள் முந்தானையை இழுத்துத் தலைக்கு மேல் போர்த்தி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, ஒரு மூட்டை மாதிரி இருந்தாள். அந்த மூட்டை நடுங்கியது.

ரப்பர் நழுவிவிட்டது என்றுதான் நினைத்தேன். சரிபார்க்கும் முறை சுலபம். படத்தில் அசையாத பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பாறையின் விளிம்பைப் பார்த்தேன். கோடு போட்டதுபோல நின்றது. மறுபடி அவளைப் பார்த்தேன். கேமராவில் குறை இல்லை.

"இன்னா மாமா, கெடச்சிதா?" என்றான் மச்சான்.

திரையை அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். முன்னால் நடந்தான்.

ட்ரோனை அவள் தலைக்கு மேல் அப்படியே நிறுத்திவிட்டு, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி சரிவில் இறங்கினேன். முதலில் அதை வேறு பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் நெருங்கியதும் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"ஓடாதீங்க சார். ஒக்காருங்க. மலைத்தேனீ கெளம்பிக்கிச்சு. அசஞ்சீங்கன்னா கொட்டிடும்."

உட்கார்ந்தேன். முந்தானையை நீட்டி என் தலையையும் சேர்த்து மூடினாள். துணி எட்டாத பக்கத்தில் கையை வைத்து என் பிடரியை மறைத்தாள். பாறையில் இருக்கும் தேன்கூடு கலைந்தால் இங்கே யாரும் ஓடமாட்டார்கள். உட்கார்ந்து போர்த்திக்கொண்டு அது போகும்வரை இருப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளே எனக்குச் சொன்னதுதான். துணிக்குள் மஞ்சள் வெளிச்சமாக இருந்தது. மேலே நான்கு மோட்டார்கள் இரைந்தன. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை என்று தோன்றியது. பிடரியில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

"நீங்க பயப்படாதீங்க சார். போய்டும்."

ரிமோட் என் மடியில் இருந்தது. தடவிப் பார்த்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி இறங்கும் விசையை அழுத்தினேன். இரைச்சல் தள்ளிப் போய், தாழ்ந்து, நின்றது.

"போய்டுச்சு," என்றேன்.

"ஒடனே எழுந்துக்கக் கூடாது. ஒண்ணு ரெண்டு சுத்தினு இருக்கும்."

அவள் சொன்ன நேரம்வரை இருந்தோம். பிறகு அவளே துணியை விலக்கி, எட்டிப் பார்த்து, என்னை எழுப்பிவிட்டாள். மச்சான் புதருக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

அன்று மத்தியானம் மகளுக்குப் போன் செய்தேன்.

"நீ வந்து கூட்டிட்டுப் போம்மா."

"ஏன்ப்பா, மிஷின் கெட்டுடுச்சா?"

"இல்ல. நல்லா நிக்குது. எவ்ளோ காத்தடிச்சாலும் படம் ஆடறதில்ல."

"அப்புறம் இன்னா?"

காரணம் எழுதாமல் அனுப்பும் கோப்பை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. அவள் கேட்டது நியாயம். சொன்னேன்.

"அம்மா இப்ப இன்னா பண்றாங்க?"

எட்டிப் பார்த்தேன். அடுப்பங்கரையில் எனக்காகப் பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போகும்போது தலையில் கட்டிக்கொண்டு போகச் சொல்லி ஏற்கெனவே ஒன்றைக் கொடுத்திருந்தாள்.

"வேலையா இருக்கா," என்றேன். "ஞாயித்துக்கெழம வா. ரெண்டு பேருக்கும் எடம் பண்ணி வை."