வலை இழுக்கிற பக்கம்

காருக்கும் களிமண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டால் போதும், என் வீட்டுக்காரர் பீம்ராவ் ஒரு மணி நேரம் பேசுவார். தகரத்தில் கார் செய்வதற்கு முன்னால் களிமண்ணில் முழுக் காரையும் செய்து தடவித் தடவிப் பார்ப்பார்களாம். மெழுகு கலந்த களிமண், சூடு காட்டினால்தான் இளகும். அதற்கென்றே கம்பெனிகளில் ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆளாகிவிட வேண்டும் என்பதுதான் எட்டு வருடமாக இவருக்குப் பிடித்திருந்த பைத்தியம்.

எங்களுக்குக் காலடிப்பேட்டையில் வீடு. அவருக்கு வேலை காசிமேட்டில், ஆசீர்வாதம் அண்ணனின் ஃபைபர் படகுப் பட்டறையில். புதுப் படகுக்கு முதலில் அச்சு செய்ய வேண்டும். மரச்சட்டத்தின் மேல் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுவார். மேடும் பள்ளமும் கைக்குத் தெரிந்துவிடும். வலது பக்கத்தை மட்டும் ஒரு விரற்கடை புடைப்பாக விடுவார். வலை இழுக்கும்போது படகு அந்தப் பக்கம் அமுங்காமல் இருக்க, அந்தப் பட்டறையில் அப்படி ஒரு பழக்கம். ஸ்கேல் என்ற ஒன்றை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை.

மூன்று கம்பெனி ஏறி இறங்கினார். எந்த டிசைன் காலேஜ் என்று கேட்டார்கள். இவர் பத்தாவது பெயில். ஒரு இடத்தில் செய்த வேலைகளின் படம் கேட்டார்களே என்று படகுப் படங்களை ஆல்பம் போட்டு எடுத்துப்போனார். வாசல் செக்யூரிட்டி மட்டும் புரட்டிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாராம். அந்தக் களிமண்ணை நம்மால் வாங்க முடியாது. மெழுகுவர்த்தியையும் சாக்பீஸ் தூளையும் என் இட்லிப் பானையில் காய்ச்சிப் பழகினார். மூன்று மாதம் எங்கள் வீட்டு இட்லியில் மெழுகு வாடை. நான் கத்தாத கத்தல் இல்லை. ஆனால் அவர் செய்த சின்னக் காரை டிவி மேல் வைத்ததும் நான்தான்.

போன வருடம் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனி, களிமண் வேலைக்கு ஆள் தேவை, படிப்பு வேண்டாம், கைவேலைத் தேர்வு மட்டும், வயது முப்பத்தைந்துக்குள். தையில் இவருக்கு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் வேறு வாசல் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். புதுச் சட்டை போட்டு அனுப்பினேன்.

தேர்வில் களிமண்ணில் ஒரு கார் பானெட் செய்யச் சொன்னார்களாம். நேரம் முடிந்ததும் சித்தார்த் என்ற அதிகாரி கையை வைத்துத் தடவிவிட்டு, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவருக்கு அங்கேயே வேலை கிடைத்த மாதிரி. அப்புறம் மெஷின் வைத்து அளந்தார்கள். திரையில் இடது பக்கம் பச்சை, வலது பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு நூல் கூடுதல், அதாவது மூன்று மில்லிமீட்டர். ஏன் என்று கேட்டதும் இவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

“அது வலை இழுக்கிற பக்கம் சார்.”

யாரோ சிரித்தார்களாம். சித்தார்த் சிரிக்கவில்லை. வாசல் வரை கூடவே வந்து, பாதியைச் செய்து அளவெடுத்துத்தான் மறுபாதியைச் செய்ய வேண்டும், காலேஜில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்றிருக்கிறார். முதல் வாரமாம்! எட்டு வருடத்தில் அந்த ஒரு வாரத்தை இவருக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் வேலை பார்க்கிற மெடிக்கல் ஷாப்பில் யாருக்கு என்ன மாத்திரை கொடுத்தேனோ, எனக்கே ஞாபகமில்லை.

தை வந்தது, போனது. இவர் ஸ்கேல் வாங்கினார். அடுத்த படகின் அச்சை இரண்டு பக்கமும் மில்லிமீட்டர் பிசகாமல் செய்தார். அந்தப் படகை வாங்கிய லோகநாதன் பத்தே நாளில் திரும்பி வந்தார். வலை இழுத்தால் வலது பக்கம் தண்ணீர் ஏறுகிறதாம். ஆசீர்வாதம் அண்ணன் திட்டவில்லை.

“இன்னா பீமு, நீ படகு செய்றியா, காரு செய்றியா?” என்று மட்டும் கேட்டார்.

அச்சைத் திருத்தச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் பட்டறைக்குப் போனேன். வலது பக்கம் புதுப் பட்டி ஏற்றியிருந்தது. அவர் கண்ணை மூடித் தடவுவார், திறப்பார், ஸ்கேலை எடுப்பார், வைப்பார், மறுபடியும் தடவுவார். கேரியரைத் திறக்கக்கூட விடவில்லை.

“குழலி, கொஞ்சம் தொட்டுப் பாரேன். எந்தப் பக்கம் புடைப்பா கீது? என் கைக்கு தெர்ல.”

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற கை என்னுடையது. இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

“வலது பக்கந்தான்யா,” என்றேன்.

அவர் அதை நம்பி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.